ரேஸ் முடிவை மாற்றினால் காரணத்தை எப்படிச் சொல்வது? நான்கு வழிகளின் ஒப்பீடு

குதிரை உரிமையாளர் சங்கம் ஒன்றில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்டீவர்டுகளின் முடிவுகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கிளப்புக்கு மனு எழுதப் போகிறோம். விசாரணையை டிவியில் நேரலையாகக் காட்டச் சொல்வதா, எழுத்தில் காரணம் கேட்பதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. எதைக் கேட்பது?" ஸ்டீவர்டுகள் என்பவர்கள் ரேஸ் விதிப்படி நடந்ததா என்று பார்த்து, தேவைப்பட்டால் முடிவை மாற்றும் அதிகாரிகள். ரேஸ் பார்க்கப் போகிறவர்களிடமிருந்தும் இதே கேள்வி கோபமாக வருவதுண்டு. "என் குதிரை முதலில் வந்தது, பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை."

வெளிப்படையாக இருக்க மாட்டோம் என்று எந்த கிளப்பும் சொல்லப் போவதில்லை. எந்த வடிவில் என்பதில்தான் இழுபறி. இன்று உலகின் ரேஸ் மைதானங்களில் புழங்கும் வடிவங்களை நான்காகப் பிரிக்கலாம். முடிவைச் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போவது ஒன்று. ஒவ்வொரு ரேஸுக்கும் எழுத்தில் அறிக்கை தருவது இன்னொன்று. ஸ்டீவர்டுகள் பார்த்த படத்தையே பொதுவில் வைப்பது மூன்றாவது. விசாரணையை அப்படியே நேரலையில் காட்டுவது நான்காவது. கடைசியைத்தான் பலரும் உச்சம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அளவுகோல்கள். இவற்றை ஒப்புக்கொள்ளாமல் நேரலையா அறிக்கையா என்று பேசினால் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருப்போம்.

காரணம் தெரிகிறதா? முடிவு என்ன என்பது போதாது. ஸ்டீவர்டுகள் எதைப் பார்த்தார்கள், எந்த விதியின் கீழ், எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடிய வேண்டும்.

எல்லா ரேஸுக்கும் கிடைக்கிறதா? டெர்பி மாதிரிப் பெரிய பந்தயத்துக்கு ஒரு நியாயம், மாலை கடைசி ரேஸில் ஓடும் ஐந்தாம் வகுப்புக் குதிரைக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. சந்தேகம் அதிகம் முளைப்பது யாரும் கவனிக்காத அந்தக் கடைசி ரேஸில்தான்.

நேரம். விசாரணை முடியும்வரை டோட்டில் (மைதானத்தின் பொதுப் பந்தயக் கணக்கில்) ஜெயித்தவருக்கு டிவிடெண்ட் கிடையாது, பந்தயம் வாங்கும் புக்கியிடமும் பணம் கிடையாது. அடுத்த ரேஸ் குதிரைகள் பேடக்கில், அதாவது ரேஸுக்கு முன் நடத்திக் காட்டும் வட்டத்தில், சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜாக்கியின் பெயர். தவறு நிரூபணமாகும் முன்பே ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிடுகிறதா?

செலவு. கேமரா, ஆள், மொழிபெயர்ப்பு, சட்ட ஆலோசனை.

முடிவு தவறானால்? மேல்முறையீட்டுக்குப் போகும்போது கையில் ஆவணம் ஏதாவது மிஞ்சுகிறதா?

முதலாவதும் கடைசியும் எனக்கு மற்றவற்றைவிடக் கனமானவை. உங்கள் கிளப்பில் பணம் தட்டுப்பாடு என்றால் ஐந்தாவது முன்னே வரலாம், அதில் தவறில்லை.

## எந்த வழியானாலும் முன்னால் நிற்கும் கேள்வி: விதி எதைக் கேட்கிறது?

குதிரை ஒன்று ஓடும்போது விலகி இன்னொன்றின் பாதையை மறித்தால் என்ன செய்வது என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. முதல் வகை விதியில் ஸ்டீவர்டுகள் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த இடையூறு நடக்காதிருந்தால், பாதிக்கப்பட்ட குதிரை இடையூறு செய்த குதிரையை முந்தியிருக்குமா? ஆம் என்றால் இடம் இறக்குவார்கள். இல்லை என்றால் முடிவு நிற்கும், ஜாக்கிக்கு மட்டும் தண்டனை. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, ஹாங்காங் எல்லாம் இந்தப் பக்கம். ஜப்பான் 2013-இல் வந்தது. பிரான்ஸும் ஜெர்மனியும் 2018-இல் வந்தன.

இரண்டாம் வகையில் கேள்வி வேறு. தவறு நடந்ததா, அதனால் பாதிக்கப்பட்ட குதிரைக்கு நல்ல இடம் பறிபோனதா என்று பார்ப்பார்கள். பறிபோனது என்றால், தவறு செய்த குதிரை எவ்வளவு வலுவாக ஜெயித்திருந்தாலும் பாதிக்கப்பட்டதற்குப் பின்னால் போகும். அமெரிக்காவும் கனடாவும் இந்தப் பக்கம்.

ஜப்பான் ஏன் மாறியது என்பதை விளங்கிக்கொள்ள 2010 ஜப்பான் கப் போதும். புவேனா விஸ்டா என்ற பெண் குதிரை 1¾ நீளம் (ஒரு குதிரையின் உடல் நீளமே ஒரு நீளம்) முன்னால் வந்து ஜெயித்தது. கடைசி நேர் ஓட்டத்தில் அது விலகியதால் ரோஸ் கிங்டம் பாதிக்கப்பட்டது என்று அதை இரண்டாவதாக இறக்கினார்கள். விதிப்படி சரிதான். ஆனால் எது வேகமான குதிரை என்பதில் மைதானத்தில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. விதி கேட்கும் கேள்வியும் கூட்டம் கேட்கும் கேள்வியும் வேறு வேறாக இருந்தால், எத்தனை பக்க விளக்கம் கொடுத்தாலும் அது விளக்கமாகத் தோன்றாது. அதனால் மனு எழுதும் முன் உங்கள் கிளப்பின் விதிப் புத்தகத்தில் அந்த ஒரு வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள்.

## வழி 1: அறிவிப்பு மட்டும்

இதற்கு உலகமறிந்த உதாரணம் 2019 மே 4, கென்டக்கி டெர்பி. மழையில் சேறாகிப் போன தடம், 19 குதிரைகள். மேக்ஸிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது. ஸ்டீவர்டுகள் தாங்களாக விசாரணை தொடங்கவில்லை. இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸின் ஜாக்கியும் லாங் ரேஞ்ச் டாடியின் ஜாக்கியும் ஆட்சேபம் எழுப்பினார்கள். ஏறத்தாழ 22 நிமிடம் ஆயிற்று. பிறகு மேக்ஸிமம் செக்யூரிட்டியை 17-ஆம் இடத்துக்கு இறக்கி, 65-க்கு 1 விலையில் (ஒன்று கட்டினால் 65 லாபம்) இருந்த கன்ட்ரி ஹவுஸை வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். 2 டாலர் வின் டிக்கெட்டுக்கு 132.40 டாலர். அந்தப் பந்தயத்தின் 145 ஆண்டு வரலாற்றில், ஓட்டத்தில் செய்த இடையூறுக்காக முதலிடம் பறிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

தலைமை ஸ்டீவர்டு பின்னர் செய்தியாளர்கள் முன் வந்து ஓர் அறிக்கையை வாசித்தார். ஏழாம் எண் குதிரை (மேக்ஸிமம் செக்யூரிட்டி) வெளிப்பக்கம் விலகியது, ஒன்றாம் எண்ணின் ஓட்டத்தைப் பாதித்தது, அதனால் 18-ம் 21-ம் பாதிக்கப்பட்டன, ஒருமனதாக முடிவெடுத்தோம், பாதிக்கப்பட்டவற்றில் கடைசியாக வந்த 18-க்குப் பின்னால் வைத்தோம் என்பது அதன் சாரம். கேள்விகளுக்கு இடம் தரவில்லை.

இதில் பொய் எதுவும் இல்லை, மறைப்பும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். நேர்மையான, வழக்கமான அறிவிப்பு. ஆனாலும் ஓட்டை உண்டு. இடையூறு பந்தயத்தின் முடிவை மாற்றியதாக ஸ்டீவர்டுகள் கருதினால் குதிரையைத் தகுதி நீக்கலாம் என்கிறது கென்டக்கி விதி. முதலில் பாதிக்கப்பட்ட ஒன்றாம் எண், வார் ஆஃப் வில், எட்டாவதாக வந்தது. 18-ஆம் எண்ணான லாங் ரேஞ்ச் டாடி 17-ஆவது. முடிவு எந்த வகையில் மாறியது என்று அவர்கள் எடைபோட்டார்கள் என்பது அறிவிப்பில் இல்லை. என்ன நடந்தது என்பது இருக்கிறது, ஏன் என்பது இல்லை. முதல் வகை விதி உள்ள நாடாக இருந்தால் அந்தக் குதிரை வெற்றியைத் தக்கவைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆக அமெரிக்காவுக்கு வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அறிவிப்பு இன்னும் புதிராகவே இருந்தது.

மறைமுகச் செலவு பின்னால் வந்தது. உரிமையாளர்கள் மேல்முறையீடு கேட்டார்கள். ஓட்டத்தில் நடந்த தவறு பற்றிய ஸ்டீவர்டுகளின் முடிவுக்கு மேல்முறையீடே இல்லை என்று மாநில ஆணையம் சொல்லிவிட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் போய் 2019 நவம்பரில் தள்ளுபடியாகி, 2020 ஆகஸ்டில் மேல் நீதிமன்றத்திலும் தோற்றது. சட்டப்படி ஸ்டீவர்டுகள் வென்றார்கள். ஆனால் மொத்தம் 30 லட்சம் டாலர் பரிசுள்ள ஒரு ரேஸின் முடிவுக்குக் காரணம் கேட்டு மக்கள் ஓராண்டுக்கு மேல் நீதிமன்றச் செய்திகளைப் படிக்க வேண்டியிருந்தது. அன்று மாலை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கு நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. பேச்சாவது வேறு தளத்தில் நடந்திருக்கும்.

மௌனத்தின் விலை இதைவிடப் பழையது. இங்கிலாந்தின் 1913 எப்சம் டெர்பியை, மன்னரின் குதிரை முன் பெண் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் விழுந்த நாளாகத்தான் நமக்குத் தெரியும். அதே ரேஸில் ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்த ஃபேவரிட்டான (அதிகம் பேர் பணம் கட்டிய) கிராகனூர் என்ற குதிரையை ஸ்டீவர்டுகள் தாங்களே ஆட்சேபம் எழுப்பித் தகுதி நீக்கினார்கள். 100-க்கு 1 விலையில் இருந்த அபோயருக்கு வெற்றி போனது. ஸ்டீவர்டுகளில் ஒருவரான ரோஸ்பெரி பிரபு தன் குதிரை ஓடியதால் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் கிராகனூரை வளர்த்து விற்றவரான இன்னொரு ஸ்டீவர்டு யூஸ்டஸ் லோடர் விலகவில்லை. கதவுக்குப் பின்னால் நடந்த அந்த விசாரணையைப் பற்றி நூறு ஆண்டு தாண்டியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இடையூறு உண்மையிலேயே நடந்திருக்கலாம். இன்று யாரும் நிரூபிக்க முடியாது, அதுதான் சிக்கல்.

அறிவிப்பு மட்டும் போதும் என்று எப்போது சொல்வேன்? சர்ச்சைக்கு இடமே இல்லாத விஷயங்களில். எடை குறைந்து வந்த ஜாக்கி, புறப்படும் கேட்டில் காயப்பட்டு விலக்கப்பட்ட குதிரை, இவற்றுக்கு ஒரு வரி போதும். வேகம் இதன் பலம். அதைத் தாண்டி இதற்குப் பலம் இல்லை.

## வழி 2: எழுத்து அறிக்கை

ஹாங்காங் ஜாக்கி கிளப் இதில் மற்ற எல்லோரையும்விட முன்னால் இருக்கிறது. அதன் மைதானங்களான ஷா டின்னிலோ ஹாப்பி வேலியிலோ ரேஸ் முடிந்ததும் அந்த நாளின் சம்பவ அறிக்கை ஆங்கிலத்திலும் சீனத்திலும் வெளியாகும். ஆட்சேபம் எழுந்த ரேஸுக்கு மட்டும் என்று இல்லை, எல்லா ரேஸுக்கும். புறப்படும்போது எது மெதுவாக வந்தது, எந்த இடத்தில் எது நெருக்கப்பட்டது, எதற்கு நேர் ஓட்டத்தில் இடம் கிடைக்கவில்லை, எதிர்பார்த்தபடி ஓடாத குதிரையின் ஜாக்கி என்ன காரணம் சொன்னார், கால்நடை மருத்துவர் பரிசோதித்ததில் ஏதாவது கிடைத்ததா, எந்த ஜாக்கிக்கு எத்தனை நாள் தடை என்று குதிரை குதிரையாக இருக்கும். மருத்துவப் பதிவுகளும் பயிற்சி ஓட்டப் பதிவுகளும் தனியே இருக்கின்றன. எல்லாம் இலவசம்.

படிக்கச் சுவாரஸ்யம் இருக்காது. "சிறிது நேரம் நெருக்கப்பட்டது", "குறிப்பிடத்தக்க எதுவும் தென்படவில்லை" என்ற மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். வங்கிப் பாஸ்புக் படிப்பது போலத்தான். ஆனால் அந்த அலுப்பில்தான் பலம் இருக்கிறது. சர்ச்சை வெடித்த நாளில் மட்டும் விளக்கம் தருகிறவர்களின் விளக்கம் தற்காப்பாகத் தெரியும். ஒவ்வொரு வாரமும் ஒரே நடையில் எழுதுகிறவர்கள் சர்ச்சை நாளிலும் அதே நடையில் எழுதினால் மக்கள் நம்புவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அறிக்கைகளும் இருக்கும். போன மாதம் இதே மாதிரி விலகலுக்கு மூன்று நாள் தடை, இந்த மாதம் ஏன் ஐந்து நாள் என்று கேட்க முடியும். நேரலையில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

அமெரிக்காவிலும் எல்லா இடமும் கென்டக்கி 2019 அல்ல. கலிஃபோர்னிய ஆணையம் ஸ்டீவர்டுகளின் குறிப்பேட்டை வெளியிடுகிறது. நியூயார்க் மைதானங்களை நடத்தும் சங்கம் தன் இணையதளத்தில் விசாரணைக்குப் போன ரேஸ்களுக்கு மட்டும் ஏன் மாற்றினோம், ஏன் மாற்றவில்லை என்று சில வரிகள் போடுகிறது. ஹாங்காங் அளவுக்கு ஆள் வைக்க முடியாத கிளப்புக்கு இது நல்ல நடுவழி. குறிப்பாக "ஏன் மாற்றவில்லை" என்ற பகுதி. ஆட்சேபம் தள்ளுபடியானால் விளக்கம் தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தோற்றவருக்கும் காரணம் வேண்டும்.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு வாதம் இருக்கிறது. கே.ஆர்.லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, திறன் ஆட்டம் என்று சொன்னது. குதிரையின் வம்சம், ஃபார்ம் (முந்தைய ரேஸ்களில் ஓடிய விதம்), பயிற்சி, ஜாக்கியின் திறமை இவற்றை எடைபோட்டுத்தான் ஆட்கள் பணம் கட்டுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. சென்னையில் ரேஸ் நடத்தும் உரிமையே அந்த வாதத்தில்தான் நின்றது. அப்படியானால் போன ரேஸில் குதிரை ஏன் ஏழாவதாக வந்தது, இடம் கிடைக்காமலா, மூக்கில் ரத்தம் வந்தா, ஜாக்கி சரியாக ஓட்டாமலா என்ற தகவல் அந்தத் திறனுக்கு மூலப்பொருள். அதைத் தராத கிளப் திறன் ஆட்டம் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் முரண் இருக்கிறது. மனுவில் இதை ஒரு பத்தியாக எழுதலாம். கிளப்பின் வக்கீலுக்கே இது பிடிக்கும்.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். முதலாவது ஆள். ஒரு நாளில் எட்டு ஒன்பது ரேஸ் என்றால் அதே இரவில் எழுதி முடிக்க, படம் பார்த்துச் சரிபார்க்க, தனியாக ஒருவர் வேண்டும். ஸ்டீவர்டையே எழுதச் சொன்னால் மூன்றாவது வாரத்தில் எல்லா அறிக்கையும் ஒரே மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, வார்ப்பு வாக்கியங்கள். "ஜாக்கியின் விளக்கம் பதிவு செய்யப்பட்டது" என்று முடியும் வரியில் ஸ்டீவர்டுகள் அதை நம்பினார்களா இல்லையா என்பது தெரியாது. அறிக்கை இருக்கிறது, காரணம் இல்லை என்ற நிலை. மூன்றாவது, மொழி. நம் கிளப்புகளில் இந்த மாதிரிக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே பழகிவிட்டன. ஜாக்கிகளிலும் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்களிலும் பலருக்கு இந்தியோ மராத்தியோ தமிழோ கன்னடமோதான் கைவரும். தன்னைப் பற்றி எழுதியதைத் தான் படிக்க முடியாத அறிக்கை அரை வெளிப்படைதான். ஹாங்காங் இரண்டு மொழியில் தருவதை அலங்காரமாக நினைக்க வேண்டாம்.

## வழி 3: படத்தைப் பொதுவில் வைப்பது

ஜப்பான் ரேசிங் அசோசியேஷன் தன் தளத்தில் பேட்ரோல் படங்களை, அதாவது ஸ்டீவர்டுகள் கண்காணிக்க எடுக்கும் வீடியோக்களை, போடுகிறது. நாம் டிவியில் பார்ப்பது பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். ஸ்டீவர்டுகள் முக்கியமாகப் பார்ப்பது குதிரைகள் நேரே எதிரில் ஓடி வரும் படம். கூட்டத்துக்கும் ஸ்டீவர்டுகளுக்கும் வரும் சண்டையில் ஒரு பெரும் பங்கு இந்தக் கோண வித்தியாசத்தில் பிறக்கிறது.

பக்கவாட்டுப் படத்தில் யார் எத்தனை நீளம் முன்னால் என்பது தெரியும். யார் எவ்வளவு உள்ளே வெளியே நகர்ந்தார் என்பது தெரியாது. எதிர்க் கோணத்தில் நகர்வு பளிச்சென்று தெரியும். ஆனால் தூரத்து லென்ஸ் முன்பின் இடைவெளியைச் சுருக்கிவிடும். இரண்டு நீளம் பின்னால் இருக்கும் குதிரை வாலைத் தொட்டுக்கொண்டு வருவது போல் இருக்கும். திருப்பங்களில் இரண்டு கோணமும் சேர்ந்தே ஏமாற்றும். 2019 டெர்பி சம்பவம் திருப்பத்தில், சேற்றில் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால் படத்தைக் கொடுத்துவிட்டு "நீங்களே பாருங்கள்" என்று சொல்வது பாதி வேலை. ஆளுக்கொரு துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். எல்லாத் துண்டும் அவரவர் கட்டிய குதிரைக்குச் சாதகமாகவே இருக்கும். மற்றபடி செலவு குறைவு, கேமராக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒளிபரப்பு உரிமையை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிட வேண்டும். அவ்வளவே. எல்லாக் கோணத்தையும், வெட்டாமல், அன்றே என்ற மூன்று நிபந்தனையோடு இதைக் கேட்கலாம்.

## வழி 4: நேரலை விசாரணை

ஆஸ்திரேலியாவில் ஆட்சேப விசாரணையை ரேஸ் சேனலில் நேரலையாகக் காட்டுவது பழகிப்போன விஷயம். இரண்டு ஜாக்கிகள், டிரெயினர்கள், உரிமையாளர்களின் ஆட்கள் ஸ்டீவர்டுகள் முன் நிற்பார்கள். திரையில் படம் ஓடும். "இந்த இடத்தில் அவன் ஒன்றரைக் குதிரை அகலம் உள்ளே வந்தான், நான் பிடிக்க வேண்டியதாயிற்று, தோற்றது அரைத் தலை வித்தியாசத்தில்" என்று ஒருவர். "அவர் குதிரைக்கு வேகமே இல்லை, நான் நகரும் முன்பே களைத்துவிட்டது" என்று இன்னொருவர். பார்க்க விறுவிறுப்பு. முதல் வகை விதி இருப்பதால் வாதமும் கூர்மையாக ஒரே புள்ளியில் நிற்கும்: முந்தியிருக்குமா, இருக்காதா.

இதன் பெரிய பலம், பேரம் நடந்தது, தொலைபேசி வந்தது என்ற வதந்திக்கு இடமில்லாமல் போவது. இரு தரப்பும் கேட்கப்பட்டது என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். தோற்ற உரிமையாளர் கூட "என் ஆள் சொன்னதைக் கேட்டார்கள்" என்று வீட்டுக்குப் போகலாம்.

இருந்தாலும் நான் இதை உச்சமாக வைக்காததற்குக் காரணங்கள் உண்டு. நாம் பார்ப்பது வாதத்தைத்தான். ஸ்டீவர்டுகள் தமக்குள் பேசி எடைபோடும் நேரம் பெரும்பாலும் கேமராவுக்கு வெளியே இருக்கிறது. பிறகு வருவது மறுபடியும் ஓர் அறிவிப்பே. அதன் தரம் அன்று பேசும் ஸ்டீவர்டைப் பொறுத்தது.

இன்னொன்று, பேச்சுத் திறன். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஜாக்கி கேமரா முன் எப்படிப் பேச வேண்டும் என்று அறிந்தவர். பக்கத்தில் நிற்கும் அப்ரென்டிஸ் பையன் பத்தொன்பது வயதில், தன் டிரெயினர் முன்னிலையில், தனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க வாதாட வேண்டும். மெல்போர்னில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. பெங்களூரிலோ புனேயிலோ ஹைதராபாத்திலோ முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத நேரலையை நான் எந்த கிளப்புக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, இது ஆட்சேபம் எழுந்த ரேஸுக்கு மட்டுமே. ஃபேவரிட் குதிரையை ஜாக்கி வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தார் என்ற சந்தேகம் இருக்கிறதே, பந்தயத்தின் நம்பிக்கையை அரிக்கும் உண்மையான நோய், அதன் விசாரணை அன்று நேரலையில் முடியாது. வாரக்கணக்கில் சாட்சி, பணம் கட்டிய முறை என்று போகும். அதை நேரலையில் காட்டவும் கூடாது, நிரூபணமாகாமல் போனால் ஜாக்கியின் பெயர் திரும்ப வராது. ஆக எழுத்து அறிக்கைதான் அங்கேயும் கைகொடுக்கும்.

விசாரணை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முடிவின் மேல் பணம் கட்டுகிறவர்களும் உண்டு என்பதை ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அறிவிப்பு | எழுத்து அறிக்கை | படம் | நேரலை |
|---|---|---|---|---|
| காரணம் தெரிகிறதா | இல்லை | ஆம், கவனமாக எழுதினால் | இல்லை, சான்று மட்டும் | வாதம் தெரியும், தீர்ப்பின் காரணம் பாதி |
| எல்லா ரேஸுக்குமா | ஆம் | ஆம் | ஆம் | ஆட்சேபம் எழுந்தால் மட்டும் |
| டிவிடெண்ட் தாமதம் | மிகக் குறைவு | இல்லை, பின்னால் வரும் | இல்லை | கொஞ்சம் கூடும் |
| ஜாக்கிக்கு ஆபத்து | வதந்தி | குறைவு | வெட்டிய துண்டுகள் | அதிகம், மொழி தெரியாதவருக்கு மேலும் |
| செலவு | இல்லை | தொடர்ந்து ஒரு ஆள் | மிகக் குறைவு | ஸ்டூடியோ, மொழிபெயர்ப்பு, பயிற்சி |
| மேல்முறையீட்டுக்கு ஆவணம் | இல்லை | நல்லது | நல்லது | பதிவு வைத்திருந்தால் உண்டு |

## முடிவு தவறாகப் போனால்

2015 செப்டம்பர் 12, இங்கிலாந்தின் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயம். சிம்பிள் வெர்ஸ் ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்றைய ஸ்டீவர்டுகள் அதை இரண்டாவதாக இறக்கி, வெற்றியை பாண்டை பீச் என்ற குதிரைக்குக் கொடுத்தார்கள். 1789-க்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் முதலில் வந்த குதிரை வெற்றியை இழந்தது அப்போதுதான். செப்டம்பர் 23-இல் மேல்முறையீட்டுக் குழு மறுபடியும் படங்களைப் பார்த்து, வாதங்களைக் கேட்டு, வெற்றியைச் சிம்பிள் வெர்ஸுக்கே திருப்பிக் கொடுத்தது. கென்டக்கியில் இதற்கு வழியே இல்லாதிருந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் பணம் கட்டியவர்களுக்கு அது உதவவில்லை. அன்றைய முடிவின்படிதான் பந்தயப் பணம் பட்டுவாடா ஆயிற்று, பதினோரு நாள் கழித்து வந்த திருத்தம் உரிமையாளர், டிரெயினர், ஜாக்கி ஆகியோரின் பரிசுக்கும் பெயருக்கும் மட்டுமே. இது எல்லா முறைக்கும் பொதுவான எல்லை. அதனால் வெளிப்படைத்தன்மை யாருக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும். உரிமையாளருக்குத் தேவை மேல்முறையீட்டில் நிற்கும் ஆவணம். பணம் கட்டுகிறவருக்குத் தேவை அடுத்த வாரம் எடைபோட உதவும் தகவல். இரண்டையும் ஒருசேரத் தருவது எழுத்து அறிக்கைதான்.

## எந்த கிளப்புக்கு எது

ஆண்டுக்குச் சில நாட்களே ரேஸ் நடத்தும் சிறிய கிளப் என்றால்: எல்லாக் கோணப் படமும், விசாரணைக்குப் போன ரேஸுக்கு மட்டும் நியூயார்க் பாணியில் பத்து வரியும். இதற்கு மேல் கேட்டால் பணமில்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

சீசன் முழுக்க ரேஸ் நடத்தும் பெரிய கிளப் என்றால் ஹாங்காங் மாதிரி அறிக்கையைக் கேளுங்கள். ஒரே இரவில் அந்தத் தரம் வராது. முதல் சீசனில் முதல் மூன்று இடம், ஃபேவரிட், புகாருக்கு ஆளான குதிரை என்று ஆரம்பித்து விரிக்கலாம்.

டெர்பி மாதிரிப் பெரிய நாட்களில் நேரலை நல்லது. முதல் வகை விதியும், சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்யும் ஸ்டீவர்டுகளும், மொழிபெயர்ப்பாளரும் இருந்தால். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் தள்ளிப் போடுங்கள்.

கிளப் உறுப்பினர்களே ஸ்டீவர்டுகளாக அமரும் இடங்களில், இந்தியாவில் அது வழக்கம்தான், நான்கில் எதுவும் தனியே போதாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த ரேஸில் ஓடும் குதிரைகளில் எதிலாவது ஸ்டீவர்டுகளுக்குப் பங்கு, உறவு, பழைய தொடர்பு உண்டா என்று ரேஸ் அட்டையிலேயே அச்சிடுவது, இருந்தால் விலகுவது. 1913-இல் ரோஸ்பெரி செய்ததை லோடரும் செய்திருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும்.

சங்கத்தின் மனுவுக்கு நான் சொல்லும் வாசகம் இதுதான். விசாரணைக்குப் போன ஒவ்வொரு ரேஸுக்கும், ஆட்சேபம் ஏற்கப்பட்டாலும் தள்ளப்பட்டாலும், மறுநாள் மாலைக்குள் கீழ்க்கண்ட நான்குக்கும் பதில் எழுத்தில் தரப்பட வேண்டும்: எந்த இடத்தில் என்ன நடந்தது, எந்தக் கோணப் படம் அதைக் காட்டுகிறது, எந்த விதி, அந்த விதி கேட்கும் கேள்விக்கு ஸ்டீவர்டுகளின் பதில் என்ன, ஏன். நான்காவதை ஒரே வரியில் முடிக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்கள் அதே பக்கத்தில் இணைக்கப்பட வேண்டும். உள்ளூர் மொழியில் சுருக்கம் வேண்டும். நேரலையை இரண்டாம் ஆண்டுக்கான கோரிக்கையாகக் கடைசியில் வையுங்கள். கிளப் எதையாவது விட்டுக்கொடுக்கச் சொன்னால் விட்டுக்கொடுக்க அதுவே தோதானது.